ஆடு ஏறாத மலை

விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. ரோதுந்தா மலையின் தெற்குச் சரிவில் மூன்று வெட்டுப்பொறிகள் அலறிக்கொண்டிருந்தன. தோளில் வாரை மாட்டி, நீளக் குழாயை இடுப்போடு அணைத்து, நுனியில் சுழலும் பல்தகட்டை வலமிருந்து இடமாக வீச வேண்டும். அரிவாள் வீச்சு மாதிரிதான். ஆனால் அரிவாள் உடம்பை உலுக்காது. இந்தப் பொறியைக் காலையில் பிடித்தவனுக்கு மத்தியானம் கரண்டி பிடிக்கும்போதும் விரல் நடுங்கும்.

ஏப்ரல் பனி புல்மேல் உப்பாய்ப் படிந்திருந்தது. சூரைப் புதர்கள் அறுபட்டு விழ, அவற்றின் பிசின் வாடை பெட்ரோல் புகையோடு கலந்து தொண்டையில் ஒட்டியது. வெட்டியதைக் கவைக்கோலால் இழுத்துக் குவிப்பது நிஸ்தோரின் வேலை. கையுறையைத் தாண்டி ஊசி இலைகள் மணிக்கட்டில் ஏறின. ஐம்பதைக் கடந்த ஆள். ஊர் ஆடுகளின் கிடைக்குத் தலைமை மேய்ப்பன் அவன்தான்.

ரோதுந்தா, வலேனி ஊரின் பொதுமலை. ஊர் ஆடுகள் மே மாதம் ஏறி, இலை பழுக்கும்போது இறங்கும். சில வருடங்களுக்கு முன் ஊராட்சி அந்த மலையைக் குத்தகைக்கு ஏலம் விட்டது. லுப்ஷா என்ற நகரத்துக்காரர், சொந்தமாக ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லாதவர், ஊரில் யாருக்கும் எட்டாத தொகையைச் சொல்லி எடுத்துக்கொண்டார். ஆடு இல்லாதவருக்கு மேய்ச்சல் மலை எதற்கு? மானியத்துக்கு. அரசு கொடுக்கும் மேய்ச்சல் மானியம் நிலம் யார் கையில் இருக்கிறதோ அவரைத் தேடிப் போகிறது, நிலத்தின் பரப்பை வைத்து. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, நிலத்தில் புதர் மண்டக்கூடாது. செயற்கைக்கோளிலிருந்து எடுக்கும் படத்தில் கரும்பச்சைத் திட்டு விழுந்தால் அந்தத் திட்டுக்குக் காசு கிடையாது. இரண்டு, அங்கே கால்நடை மேய வேண்டும்.

முதல் நிபந்தனைக்கு இந்த மூன்று பொறிகள். இரண்டாவதற்கு வலேனியின் ஆடுகள். வசந்தம்தோறும் ஊரார் தங்கள் ஆடுகள் லுப்ஷாவின் பொறுப்பில் மேய்வதாகக் கையெழுத்துப் போட்டார்கள். மேய்ச்சல் இலவசம், மானியத்தில் ஒரு பங்கு உங்களுக்கு என்று அவர் எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கியிருந்தார். முதல் வருடம் பங்கு வந்தது. அடுத்த வருடம் பாதியானது. அதற்கடுத்த வருடம் அந்தப் பேச்சே இல்லை. புதர் வெட்டும் கூலியும் அப்படித்தான் இறங்கிக்கொண்டு வந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் வராதீங்க, கல்லு தெறிக்குது!" என்று இரிமியே கத்தினான்.

இரிமியே நிஸ்தோரோடு கோடைதோறும் கிடையில் தங்குகிறவன். அவனுடைய பொறியில் தகட்டுக்கு மேலே இருக்க வேண்டிய இரும்புக் காப்பு உடைந்து போய் ஒரு வாரமாகியிருந்தது. அடுத்த வாரம் புதுசு வரும் என்று லுப்ஷா போனில் சொல்லியிருந்தார்.

"காப்பு இல்லாம ஏன்டா ஓட்டுறே? போட்டுட்டு வந்து கவைக்கோலப் புடி."

"அப்புறம் இன்னிக்குக் கூலிய யாரு தருவா, நீங்களா? பரஸ்கீவா இன்னிக்கு மாவு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா. வெறுங்கையோட போனா என்னையே களியா கிண்டிருவா."

சூரைப் புதர் கல்லைக் கட்டிப்பிடித்து வளரும். வெளியே பார்த்தால் பச்சை. அடியில் பாறை இருக்கிறதா என்று தகடு இறங்கிய பிறகுதான் தெரியும். நிஸ்தோர் குனிந்து நிமிர்வதற்குள் ஒரு உலோகச் சத்தம் கேட்டது, வாளி விழுந்து உருண்ட மாதிரி. பொறி ஓடிக்கொண்டேயிருந்தது. இரிமியே உட்கார்ந்திருந்தான். தகட்டின் பாதித் துண்டு அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே தைத்து நின்றது.

கம்பளியில் போட்டு மற்ற மூன்று பேரும் தூக்கினார்கள். டிராக்டர் நிற்கும் இடம் வரை இறக்கம். கம்பளியிலிருந்து சொட்டியது உறைபனியைக் கரைத்துக்கொண்டே வந்தது. மருத்துவமனையில், யாரிடம் வேலை செய்தபோது அடிபட்டது என்று கேட்டார்கள். நிஸ்தோர் லுப்ஷாவுக்குப் போன் போட்டான்.

"ஐயோ பாவம்," என்றார் லுப்ஷா. "ஆனா நிஸ்தோர், நான் அங்க யாரையும் வேலைக்கு வைக்கலையே. ஒப்பந்தம் ஏதாவது இருக்கா? விறகு வெட்டப் போயிருப்பான். அப்படித்தானே?"

கால் தங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

*

ஏப்ரல் கடைசியில் வரும் புனித ஜார்ஜ் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை லுப்ஷா ஊருக்கு வந்தார். இரிமியே வீட்டு முற்றத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவன் மனைவி பரஸ்கீவாவுக்கு விறகு பிளந்து கொடுப்பதும் தண்ணீர் இறைத்து வைப்பதுமாக இருந்தார்கள். லுப்ஷாவின் கையில் ஒரு பை ஆரஞ்சு.

"இரிமியே எப்படியிருக்கான்மா?"

"நல்லாருக்காரு. பாதி வீட்டுக்கு வரும். மிச்சம் ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டயே இருக்கும்," என்றாள் பரஸ்கீவா.

"பழம் கொண்டாந்தேன்."

"அங்க வைங்க. ஒரு காலுக்கு எத்தனை பழம்னு எங்களுக்கு விலை தெரியாது."

லுப்ஷா பையைக் கிணற்று மேட்டில் வைத்தார். கத்துகிற மனிதர் இல்லை அவர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும்.

"உங்க வருத்தம் புரியுது. ஆனா சொல்ல வந்தத சொல்லிடறேன். குத்தகை ஏறிடுச்சு. இந்த வருஷத்துலேர்ந்து ஆட்டுக்கு இவ்வளவுன்னு மேய்ச்சல் கட்டணம் உண்டு. கையெழுத்து வழக்கம்போல."

"எங்க மலைக்கு நாங்க காசு குடுக்கணும், எங்க ஆடு உங்க ஆடுன்னு எழுதியும் குடுக்கணும்," என்றார் கவ்ரிலா. ஊரிலேயே பெரிய புல்வெளி அவருடையது. கஞ்சர் என்று பெயர் எடுத்த கிழவர். "ஏன் ஐயா, உங்க ஆடுங்கள ஒருநாள் கண்ணுல காட்டுங்களேன். ஒரு தடவையாவது மே-ன்னு கத்தியிருக்கா? இல்ல, உங்கள மாதிரி மெதுவாத்தான் பேசுமா?"

முற்றத்தில் சிரிப்பு எழுந்தது. லுப்ஷாவும் சிரித்தார்.

"பெரியவரே, நான் கொள்ளைக்காரன் இல்ல. ஏலம் வச்சாங்க, வந்தேன், எடுத்தேன். நீங்க ஏன் எடுக்கல? யாராவது உங்க கையப் புடிச்சாங்களா?"

ஏல நாளில் ஊரார் போகாமல் இல்லை. நாலைந்து பேர் தனித்தனியாகப் போய், தனித்தனியாகத் தொகை சொல்லி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரும்பி வந்திருந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே தொகையாகச் சொல்லலாம் என்று அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நிஸ்தோர்," என்று லுப்ஷா திரும்பினார். "உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தலைமை மேய்ப்பர் வேலை. முறையான ஒப்பந்தம், காப்பீடு, மாசச் சம்பளம். ஆடு மட்டும் மே முதல் வாரம் மேல இருக்கணும். ஜூலையில பார்வையிட வருவாங்க. அன்னிக்கு மலை காலியா கெடந்தா..."

"கெடந்தா?" என்றாள் பரஸ்கீவா.

"எல்லாருக்கும் நட்டம்தான்மா."

"எல்லாருக்கும்னா யாருக்கெல்லாம்?"

லுப்ஷா கார்ச் சாவியை எடுத்தார். "யோசிச்சு சொல்லுங்க நிஸ்தோர்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார்ச் சத்தம் ஓய்ந்தபின் பரஸ்கீவா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பயந்துட்டாரு. பாத்தீங்களா? அவருக்கு மலை கையில இருக்கு. வேணும்கிறது நம்ம ஆட்டோட வாயி. ஏத்த வேண்டாம். இந்த வருஷம் ஒரு ஆடும் மேல போக வேண்டாம்."

"ஏத்தாம? ஆடு காத்தத் தின்னுமா?" என்றார் கவ்ரிலா.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளத்தாக்கில் இருக்கும் புல்வெளிகள் குளிர்காலத்துக்கானவை. பனி விலகியதும் வேலி கட்டி அடைத்துவிடுவார்கள். ஒரு குளம்பு உள்ளே படக்கூடாது. ஜூலையில் வெட்டி, காயவைத்து, வீடுயரக் குவித்து வைத்தால் அதுதான் ஆறு மாதத்துக்கு மாடும் ஆடும் தின்னும். ஆடுகள் மலையில் இருக்கிற காலத்தில்தான் கீழே புல் வளர முடியும். மே மாதமே ஆட்டை உள்ளே விடுவதென்றால் வரப்போகிற குளிர்காலத்தை இப்போதே தின்று தீர்ப்பது.

"என் மாடு டிசம்பர்ல என்னத்தத் தின்னும்? உன் வீராப்பையா?"

"பெரியப்பா, என் வீட்டுப் புல்வெளிய மொதல்ல தொறக்கறேன். சின்னதுதான். அது எனக்கு மொத்தமும்."

கவ்ரிலா தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு எழுந்து போனார். எல்லோரும் நிஸ்தோரைப் பார்த்தார்கள். தலைமை மேய்ப்பன் ஏறினால் கிடை ஏறும். அவன் ஏறாவிட்டால் ஏறாது.

"ஒரு கோடை மேயாம விட்டா மலை கெட்டுப்போகும்," என்றான் நிஸ்தோர். "அங்க இருக்கிற ஊசிப்புல்ல ஆடு எளசாவே கடிக்கணும். கடிச்சா அது அடங்கியிருக்கும், நடுவுல நல்ல புல்லு வரும். விட்டுட்டா ஜூன்ல கம்பியாயிரும், எந்த ஆடும் வாய் வைக்காது. அதுக்குள்ள சூரை மொளைக்கும். ஒரு வருஷம் விட்டத நாலு வருஷம் மேய்ச்சாத்தான் சரி பண்ண முடியும்."

"கெட்டாத்தான் அண்ணே அவருக்கு வலிக்கும்."

"எனக்கும் வலிக்கும்."

"தெரியும்," என்றாள் அவள்.

திங்கட்கிழமை நிஸ்தோர் மலைக்குப் போனான். பனிக்காலம் முடிந்ததும் கிடைக் குடிலின் கூரையைப் பழுது பார்ப்பது அவன் வழக்கம். பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு ஏறினான். சரிவெங்கும் இளம்புல் தலைகாட்டியிருந்தது, ஆட்டுப்பல் நீளத்துக்கு. கடிப்பதற்கு அதுதான் சரியான பதம். இன்னும் பத்துப் பதினைந்து நாள் போனால் பிந்திவிடும். குடிலின் மேல் ஏறி ஒரு பலகையை அறைந்தான். மாசச் சம்பளம், காப்பீடு என்ற சொற்கள் அவன் காதில் இருந்தன. அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் சொல்லாத சொற்கள். இரண்டாவது பலகையை வைத்து ஆணியை எடுத்தவன் கையை நிறுத்தினான். யாருக்காக இந்தக் கூரை? இரிமியே படுக்கும் மூலையில் அவனுடைய ஆட்டுத்தோல் இன்னும் விரித்தே கிடந்தது. நிஸ்தோர் அதைச் சுருட்டிக் கட்டினான். மீதிப் பலகைகளோடு அதையும் சுமந்துகொண்டு இறங்கினான்.

"ஏத்தல," என்று பரஸ்கீவாவின் வேலிக்கு வெளியே நின்று சொன்னான். "அளவு கீழயே வச்சுக்குவோம்."

*

அளவு நாள் என்பது வலேனிக்காரர்களுக்குக் கோடையின் வாசல். எல்லா வீட்டு ஆடுகளும் ஒரே கிடையில் மேய்ந்து, எல்லாப் பாலும் ஒரே கொப்பரையில் பாலாடைக்கட்டியாகும்போது யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் அளவு. அன்று காலை ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆடுகளைத் தாங்களே கறப்பார்கள். பால் வாளியில் நுரை அடங்கியதும் தலைமை மேய்ப்பன் ஒரு சீவிய குச்சியை நேராக இறக்கி எடுப்பான். நனைந்த இடத்தில் கத்தியால் ஒரு வெட்டு. அந்த வெட்டுதான் அந்த வீட்டுக்குக் கோடை முழுவதும் பங்கு. அதனால் விதி கடுமையானது: அன்று ஒருவர் ஆட்டு மடியில் இன்னொருவர் கை படக்கூடாது, ஒருவர் வாளியில் இன்னொருவர் பால் ஒரு சொட்டு விழக்கூடாது. இன்னொன்றும் உண்டு. குச்சி இறங்கிவிட்டால் அந்த ஆடு கிடையோடு சேர்ந்தது. இலையுதிர்காலம் வரை யாரும் தன் ஆட்டைப் பிரித்துக்கொண்டு போக முடியாது. கையெழுத்தை மீறியவர்கள் வலேனியில் உண்டு. அளவை மீறியவர் யாருமில்லை.

எப்போதும் மலையடிவாரத்தில் அளந்து, அப்படியே மேலே ஏறுவார்கள். இந்த முறை பரஸ்கீவாவின் புல்வெளியில் பட்டி போட்டிருந்தது. அவளோடு இன்னும் சில வீட்டார் தங்கள் புல்வெளிகளைத் திறந்திருந்தார்கள். எல்லாம் சேர்ந்தாலும் மே மாதம் தாண்டாது என்பது கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். கவ்ரிலாவின் புல்வெளி மட்டும் பக்கத்திலேயே வேலிக்குப் பின்னால் முழங்கால் உயரம் அலையடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் தன் ஆடுகளோடும் வாளியோடும் வந்திருந்தார். எதற்கு வந்தார் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை.

பட்டியின் வாசலில் குனிந்து ஒவ்வொருவராகக் கறந்தார்கள். பரஸ்கீவா கறந்தபோது வாளியின் அடியில் சத்தம் மெல்லிசாகக் கேட்டது. இரண்டு வாரமாக மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் வேளைக்குக் கறக்க முடியவில்லை. வேளை தவறினால் மடி சுருங்கிவிடும். அவள் கடைசி ஆட்டை விட்டு நிமிர்ந்தபோது வாளியில் நாலு விரல்கூட நிறையவில்லை. அந்த நாலு விரல்தான் கோடை முழுவதற்கும் அவள் பங்கு. அவள் வாளியை வரிசையில் வைத்தாள்.

அப்போதுதான் லுப்ஷாவின் கார் வந்து நின்றது.

"இது என்ன இங்க?" என்றார் அவர். பச்சைப் புல்வெளியில் ஆடுகள் நிற்பதைப் பார்த்து அவர் குரல் இன்னும் தணிந்தது. "நிஸ்தோர், சொந்தக் கையால சொந்த வயித்துல அடிச்சுக்கிறீங்க. இந்தப் புல்லு எத்தனை நாளைக்கு?"

"தெரியாதுங்க ஐயா. ஆடுதான் சொல்லும்."

"சரி, கட்டணம் வேண்டாம். இன்னிக்கே யாரு வந்தாலும் மலை இலவசம். பெரியவரே, உங்க ஆட்ட ஏத்துங்க. இவங்க சண்டையில உங்க உலர்புல்ல ஏன் பறிகொடுக்கிறீங்க? மானியத்துல பங்கும் தர்றேன். இப்பவே, கையில."

கவ்ரிலாவின் வாளி அவர் காலடியில் இருந்தது. குச்சி இன்னும் அதில் இறங்கவில்லை. கறப்பது நின்றுபோய் ஆடுகளின் கத்தல் மட்டும் கேட்டது. கிழவர் குனிந்து வாளியைத் தூக்கினார். வாசலைத் தாண்டி நடந்தார். காரின் பக்கம் போகிறார் என்றுதான் நிஸ்தோர் நினைத்தான்.

கவ்ரிலா பரஸ்கீவாவின் வாளிக்கு முன்னால் நின்றார். தன் வாளியைச் சாய்த்து ஒரு அகப்பை அளவு ஊற்றினார்.

"பெரியப்பா!" என்று அவள் பதறினாள். "அளவுல கலக்கக்கூடாது."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. என் வாளின்னு நெனச்சுட்டேன்," என்றார் கவ்ரிலா. திரும்பி மற்றவர்களைப் பார்த்து அதட்டினார்: "உங்களுக்கெல்லாம் மட்டும் நல்லாத் தெரியுதாக்கும்?"

ஒருத்தி எழுந்து வந்து ஊற்றினாள். பிறகு அவள் அண்ணன். பிறகு வெட்டுப்பொறி பிடித்த மற்ற இருவரும். பால் விழும் சத்தம் மெல்ல மெல்லக் கனத்தது. பரஸ்கீவா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். அளவு தவறாமல் பார்ப்பதற்காகவே அங்கே நிற்கிற நிஸ்தோர், கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். அவன் இத்தனை கோடை சேர்த்த பெயரெல்லாம் அந்தக் குச்சியில்தான் இருந்தது. எல்லோரும் ஊற்றி முடிக்கும் வரை அவன் திரும்பவில்லை.

பிறகு வந்து அவள் வாளியில் குச்சியை இறக்கினான். நனைந்த இடத்தில் வெட்டினான். "இரிமியே வீடு," என்று உரக்கச் சொன்னான், எல்லா வீட்டுக்கும் சொல்வது போலவே.

கவ்ரிலா தன் வாளியை அவன் முன் வைத்தார். "அளடா. யாரோ பாதியத் திருடிட்டாங்க, இருக்கிறத அள."

குச்சி இறங்கியது.

லுப்ஷா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "வேற ஊர்லேர்ந்து ஆடு கொண்டாருவேன்," என்றார். "லாரியில ஏத்தினா ரெண்டு நாள். அப்ப மலையும் இல்லாம, புல்லும் இல்லாம நிப்பீங்க."

"கொண்டாங்க," என்றான் நிஸ்தோர். "இந்த வாரம் எல்லாப் பள்ளத்தாக்குலயும் அளவுதான். யாரு தர்றாங்கன்னு போய்க் கேளுங்க. அங்கயும் புதர் வெட்டுறவங்க இருக்காங்க. இரிமியே கால் போன சேதி உங்களுக்கு முன்னாடியே அங்க போயிருக்கும்."

அப்படிச் சொன்னானே தவிர, யாரும் தரமாட்டார்கள் என்று அவனுக்கே நிச்சயமில்லை. பணம் எத்தனையோ கிடைகளைப் பிரித்திருக்கிறது. ஜூலையில் என்ன ஆகும், டிசம்பரில் மாடு எதைத் தின்னும், இரிமியேவுக்கு யார் பதில் சொல்வார்கள், எதுவும் தெரியாது. கார் கிளம்பிப் போனபின் அவன் அன்று முதல் தடவையாக மலையை நிமிர்ந்து பார்த்தான். சரிவு முழுவதும் இளம்பச்சை. அதில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

"அங்க என்னடா பராக்கு?" என்று கவ்ரிலாவின் குரல் கேட்டது.

கிழவர் தன் வேலியில் நின்று ஒரு கழியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். இறுகிப்போயிருந்தது. இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். பரஸ்கீவாவும் தோள் கொடுத்தாள். கழி மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. அடுத்த கழிக்கு இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள்.

"நிஸ்தோரு, எல்லாத்தையும் ஒரேயடியா விட்டுறாத!" என்று கவ்ரிலா கத்தினார். "கீழ்க்கோடியில தொடங்கு. பட்டி பட்டியா அடைச்சு மேய விடு, மிதிச்சு நாசம் பண்ணாம. மேக்கால இருக்கிறத ஜூலை வரைக்கும் தொடக்கூடாது. ரொம்ப நாளு தாக்குப் புடிக்கணும்ல?"

நிஸ்தோர் வாயில் இரண்டு விரலை வைத்துச் சீட்டியடித்தான். முன்னாடு தலையைத் தூக்கியது. மணிகள் ஒலிக்க, ஆடுகள் அத்தனையும் திரும்பி, திறந்த வேலிக்குள் இறங்கத் தொடங்கின.